புகையிலைக்கு வந்த தேமல்
பார்த்தால் தெரியாது, பக்கத்துச் செடி சொல்லும்!

தஞ்சைத் தரணி என்றால் நெல்தான் நினைவுக்கு வரும். ஆனால் காவிரிப் படுகையின் தென்கிழக்கு மூலையில், வேதாரண்யம் பக்கம் போனால் காட்சி மாறிவிடும். அங்கே கடலோர மணல். உப்பளம் ஒரு பக்கம், புகையிலைத் தோட்டம் ஒரு பக்கம். வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் புகையிலைக்கு அந்த ஊர் பெயர் போனது. (மெல்லுவது வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும். அது தனிக் கதை. இங்கே செடியின் நோயைப் பற்றித்தான் பேச்சு.)

மெல்லும் புகையிலைக்கு இலைதான் பணம். இலை அகலமாக, கனமாக இருக்க வேண்டும். அந்த இலையில் ஒரு நாள் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத் திட்டாகத் தேமல் தோன்றுகிறது. "மண்ணில் சத்து இல்லை, உரம் போடு" என்பார் ஒருவர். "பூச்சி விழுந்திருக்கிறது, மருந்து அடி" என்பார் இன்னொருவர். இரண்டையும் செய்தும் தேமல் போகவில்லை என்றால் என்ன செய்வது? காசு போனதுதான் மிச்சம்!

இந்த நோய்க்குக் காரணம் வைரஸ். உலகத்தில் மனிதன் முதன்முதலாகக் கண்டுபிடித்த வைரசே இதுதான்!

ஹாலந்து நாட்டில் அடால்ப் மேயர் என்ற விஞ்ஞானி, நோய் கண்ட இலையை அரைத்துச் சாறு எடுத்தார். மெல்லிய கண்ணாடிக் குழாயால் அதை நல்ல செடியின் இலை நரம்பில் செலுத்தினார். பத்துச் செடிகளில் ஒன்பதுக்கு நோய் வந்துவிட்டது. இதை அவர் 1886-ல் வெளியிட்டார். 1892-ல் ரஷியாவின் இவனோவ்ஸ்கி, அந்தச் சாற்றைப் பீங்கான் வடிகட்டியில் வடிகட்டினார். பாக்டீரியாக் கிருமிகூட அதில் நுழைய முடியாது. ஆனால் வடிந்து வந்த தெளிந்த சாறும் நோயைக் கொடுத்தது! 1898-ல் டச்சுக்காரர் பெய்ஜரிங்க், இது புதிய வகைத் தொற்று என்று சொல்லி, 'வைரஸ்' என்ற பெயரை அதற்கு வழங்கினார். 1935-ல் அமெரிக்காவின் ஸ்டான்லி அதைப் படிகமாகவே பிரித்து எடுத்துக் காட்டினார். 1946-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அது எவ்வளவு சிறியது தெரியுமா? குச்சி போன்ற வடிவம். மூவாயிரம் குச்சிகளை வரிசையாக நீளவாட்டில் வைத்தாலும் ஒரு மில்லிமீட்டர் வராது.

தொட்டால் ஒட்டும்

இந்த வைரசைப் பரப்புவது பூச்சி அல்ல. நம் கைதான்! புகையிலையில் நுனி கிள்ள வேண்டும். பக்கக் குருத்து ஒடிக்க வேண்டும். நோய்ச் செடியைக் கிள்ளிய விரல் அடுத்த செடியையும் கிள்ளுகிறது. சாறு காயத்தில் படுகிறது. வரிசை முழுவதும் நோய் ஓடுகிறது. இன்னொரு வேடிக்கை. காய்ந்த இலையிலும் இந்த வைரஸ் பல ஆண்டுகள் சாகாமல் இருக்கும். ஆகவே வாயில் புகையிலையை அதக்கிக்கொண்டு நாற்று நடுகிற ஆளே, அந்த நாற்றுக்கு நோயையும் கொடுத்துவிடலாம். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வேலை செய்யச் சொல்வது இதனால்தான். கொழுப்பு எடுத்த பாலில் கையை நனைத்துக்கொள்வதும் உண்டு. பாலுக்கு இந்த வைரசை அடக்கும் குணம் இருக்கிறது.

ஆனால் தேமல் எல்லாம் ஒரே தேமல் அல்ல. வெள்ளரியைத் தாக்கும் இன்னொரு வைரசும் புகையிலையில் இதே மாதிரித் தேமலை உண்டாக்கும். அதைக் கொண்டுவருவது அசுவினிப் பூச்சி. ஒன்றுக்குக் கையைக் கவனிக்க வேண்டும். மற்றதற்குப் பூச்சியைக் கவனிக்க வேண்டும். கண்ணால் பார்த்துப் பிரிப்பது எப்படி? அனுபவசாலிக்கும் கஷ்டம்தான்.

இதற்கு ஹோம்ஸ் என்ற அமெரிக்கர் 1929-ல் ஒரு வழி காட்டினார். 'நிகோடியானா குளுட்டினோசா' என்று புகையிலைக்கு ஒரு காட்டு உறவுச் செடி உண்டு. அதன் இலையில் நோய்ச் சாற்றைத் தேய்க்க வேண்டும். புகையிலை வைரசாக இருந்தால், இரண்டு மூன்று நாளில் தேய்த்த இடத்தில் மட்டும் கருகிய புள்ளிகள் விழும். நோய் அதற்கு மேல் பரவாது. வெள்ளரி வைரசாக இருந்தால் செடி முழுவதும் தேமல் படரும். புள்ளிகளை எண்ணினால், சாற்றில் வைரஸ் அதிகமா குறைவா என்றும் சொல்லிவிடலாம். எவ்வளவு எளிய சோதனை! இப்போது பி.சி.ஆர். சோதனை வந்துவிட்டது. கொரோனாக் காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்களே, அதே முறைதான்.

இலைச் சுருட்டை நோய் வேறு. அதில் தேமலைக் காட்டிலும் இலையின் கோணல்தான் பளிச்சென்று தெரியும். இலை முறுக்கிச் சுருங்கும். அடிப்பக்க நரம்பு தடித்துப் புடைக்கும். செடி குட்டையாகும். இதைக் கொண்டுவருவது வெள்ளை ஈ. இது கை பட்டுப் பரவுவதில்லை. கத்தரி, தக்காளி, களைச்செடி என்று எங்கும் வெள்ளை ஈ குடியிருக்கும். ஆகவே நாற்றங்காலை இவற்றுக்கு அருகில் போடுவது ஆபத்து. நோய் கண்ட செடியை ஆரம்பத்திலேயே பிடுங்கி அழித்துவிட வேண்டும்.

வைரஸ் புகுந்த செடியை மருந்தால் குணப்படுத்த முடியாது. ஆனால் அந்தக் காட்டுச் செடி இன்னொரு உதவியும் செய்தது. புள்ளியோடு நோயை நிறுத்திவிடுகிற அதன் குணத்தை, ஒட்டுச் சேர்க்கை மூலம் புகையிலைக்கே ஏற்றினார் ஹோம்ஸ். 1938-ல் அது கைகூடியது. தேமலைத் தாங்கும் பல புகையிலை ரகங்களில் ஓடுவது அந்தக் காட்டுச் செடியின் குணம்தான்.