வெயிலில் மங்கும் கண்

கம்பியில்லாக் கேமரா என்ற பெயரில் விற்பனையாகும் வீட்டுக் காவல் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கம்பி உண்டு. படத்தைக் கொண்டுசெல்ல மட்டுமே கம்பி தேவையில்லை. மின்சாரத்துக்கு ஓர் அடாப்டரும், அதைச் செருக ஒரு பிளக் பாயிண்டும், இரண்டையும் இணைக்கும் சில மீட்டர் ஒயரும் வேண்டும் என்பதைக் கேமராவைச் சுவரில் மாட்டும் நாளில்தான் பலர் அறிகின்றனர். உண்மையிலேயே ஒயர் இல்லாத வகை ஒன்றும் உள்ளது. அது மின்கலத்தால் இயங்குவது, சில வேளைகளில் கையகலச் சூரியத் தகட்டையும் உடன் கொண்டது. ஆயிரத்து ஐந்நூறு ரூபாயிலிருந்து மூவாயிரம் ரூபாய்க்குள் மதுரைக் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் கேமராக்கள் பெரும்பாலும் முதல் வகை. அதற்குமேல் விலை ஏறும்போது இரண்டாம் வகை கண்ணில் படத் தொடங்கும். ஒயர் இழுக்கும் தொல்லையில்லாத அந்த இரண்டாம் வகையே மேலானது என்ற எண்ணம் பரவலாக இருப்பதால், அதனுள் இருக்கும் ஒரு சிறு படிகத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டியுள்ளது.

வீட்டு வாசலைக் கேமராவால் கண்காணிக்கும் எண்ணம் புதியதன்று. நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற செவிலியர், நேரங்கெட்ட நேரத்தில் பணி முடிந்து வீட்டில் தனித்திருக்க வேண்டியிருந்ததாலும், அழைத்தால் போலீஸ் வரத் தாமதமானதாலும், கதவிலிருந்த பார்வைத் துளைகளின் வழியே வெளியாரைக் காட்டும் கேமராவையும், படுக்கையறையில் அதைப் பார்க்கும் திரையையும் இணைத்த அமைப்பு ஒன்றைத் தம் கணவருடன் சேர்ந்து வடிவமைத்து, 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969 டிசம்பரில் பெற்றார். இன்று கைப்பேசிச் செயலியில் நிகழ்வதன் அடிப்படை அங்கேயே இருக்கிறது.

மின்கலக் கேமரா எந்நேரமும் விழித்திருந்தால் மின்கலம் ஓரிரு நாளில் தீர்ந்துவிடும் என்பதால், அது பெரும்பொழுதைத் தூக்கத்தில் கழிக்கிறது. தூங்கும் கேமராவைத் தட்டி எழுப்பும் வேலை, அதன் முகப்பில் பால்நிறப் பிளாஸ்டிக் குமிழுக்குப் பின்னால் இருக்கும் வெப்ப உணரிக்கு உரியது. ஆங்கில எழுத்துகளால் பிஐஆர் என்று பெட்டியின்மீது அச்சிட்டிருப்பது இதைத்தான். மனிதர் வந்தால் கண்டுபிடிக்கும் என்று விளம்பரம் சொன்னாலும், இந்த உணரிக்கு மனிதரைத் தெரியாது, அசைவையும் தெரியாது. தன்மேல் விழும் வெப்பக் கதிர் கூடுவதும் குறைவதுமே அதற்குத் தெரியும்.

இதன் மூலக்கதை தமிழ்நாட்டுக்கு அண்மையிலிருந்தே தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்ற டூர்மலின் என்ற மணிக்கல், சூடாக்கினால் சாம்பலைத் தன்பால் இழுத்தது. புகைக்குழாயின் சாம்பலை எடுக்கக்கூட அவர்கள் அதைப் பயன்படுத்தினர். சாம்பலை இழுத்தது கல்லில் தோன்றிய மின்னூட்டமே என்பதை ஏபினஸ் என்ற அறிவியலாளர் 1756இல் ஆய்ந்து காட்ட, 1824இல் டேவிட் புரூஸ்டர் இத்தன்மைக்கு வெப்பமின் விளைவு என்று பொருள்படும் பெயரை இட்டார். சில படிகங்களின் வெப்பநிலை மாறும்போது, மாறும் அந்த நேரத்தில் மட்டும், அவற்றின் இரு முகங்களிலும் எதிரெதிர் மின்னூட்டம் தோன்றும் என்பதே இவ்விளைவு. வெப்பநிலை உயர்ந்து ஓரிடத்தில் நிலைத்துவிட்டால் படிகம் மீண்டும் ஊமையாகிவிடும். மணிக்கல்லின் இடத்தில் இன்று ஆலையில் ஆக்கப்பட்ட பீங்கான் வகைப் பொருள்கள் அமர்ந்திருந்தாலும், விளைவு அதேதான்.

உணரியின் உள்ளே இத்தகைய படிகத் துண்டுகள் இரண்டு அருகருகே, ஒன்றின் மின்னழுத்தம் மற்றதை அழித்துவிடும்படி எதிர்த்திசையில் இணைக்கப்பட்டிருக்கும். அறை முழுவதும் மெல்லச் சூடேறினால் இரண்டும் ஒரே அளவில் மாறி ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால் உணரி அசையாது. ஒன்றின்மேல் முதலிலும் மற்றதன்மேல் பிறகுமாக வெப்பம் விழுந்தால்தான் விழிக்கும். அந்த முன்பின் வேறுபாட்டை உண்டாக்குவது வெளியே தெரியும் பால்நிறக் குமிழ். அது வெறும் மூடியன்று. கலங்கரை விளக்கங்களுக்காகப் பிரான்ஸ் நாட்டு ஃபிரெனெல் வடிவமைத்து 1823இல் கார்துவான் கலங்கரை விளக்கத்தில் பொருத்திய தட்டை வில்லையின் வழிவந்த, பல சிறு வில்லைகளின் தொகுப்பு. அந்தச் சிறு வில்லைகள் முன்னுள்ள வெளியை விசிறிபோல் விரியும் கீற்றுகளாகப் பிரித்துக் காட்டுகின்றன. கம்பி போட்ட சன்னலுக்கு அப்பால் தெருவில் நடப்பவர் ஒவ்வொரு கம்பிக்கும் மறைந்து மறைந்து தெரிவதைப்போல, கேமராவின் குறுக்கே நடப்பவர் கீற்றுக்குள் நுழைந்தும் வெளியேறியும் உணரியைத் துடிக்க வைக்கிறார். கேமராவை நோக்கி நேராக வருபவரோ ஒரே கீற்றுக்குள்ளேயே நெடுந்தொலைவு நடந்துவிட முடியும். வாசற்படிக்கு நேர் எதிரே இவ்வகைக் கேமராவை மாட்டுவது பலரும் செய்யும் பிழை. வருபவர் பக்கவாட்டில் கடக்கும்படி மூலையில் மாட்டினால் அதே கருவி இருமடங்கு கூர்மையாகத் தோன்றும்.

இதில் கண்ணாடியின் பங்கும் விந்தையானது. ஏறத்தாழ 33 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள மனிதத் தோல் உமிழும் வெப்பக் கதிரின் உச்சம், அலைநீளக் கணக்கில் 9.5 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. வெயிலைத் தாராளமாக உள்ளே விடும் சன்னல் கண்ணாடி, இந்த அலைநீளத்துக்குச் சுவரைப்போலத் தடையாகிறது. கேமராவை வீட்டுக்குள் வைத்துக் கண்ணாடி வழியே தெருவைப் பார்க்கச் செய்தால் படம் தெளிவாக வரும், உணரி மட்டும் எவர் வந்தாலும் எழாது.

மதுரையின் சிக்கல் இதனினும் பெரியது. உணரிக்கு வேண்டியது மனிதரின் வெப்பமன்று, மனிதருக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு. குளிர்நாட்டு வீட்டு முற்றத்தில் அந்த வேறுபாடு இருபது டிகிரிக்கு மேல் இருக்கும். மார்கழி விடியலில் மதுரையிலும் போதிய அளவு இருக்கும். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில், காலையில் தோலைவிடக் குளிர்ந்திருந்த மேற்குச் சுவர் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் தோலின் வெப்பத்துக்குச் சமமாகி, பிறகு அதைத் தாண்டிவிடுகிறது. சமமாகும் அந்த வேளையில் சுவரின் முன் நடப்பவர், உணரியைப் பொறுத்தவரை, இல்லாதவர். சுவர் மேலும் சூடேறியபின் சூட்டின் நடுவே நகரும் குளிர்ந்த திட்டாக அவர் மீண்டும் தென்படுவார். மாலையில் சுவர் ஆறும்போது மறுபடியும் காணாமற்போவார். வெளிச்சுவருக்கு இது கடந்துபோகும் குறைதான். பூட்டிய வீட்டினுள், காற்றோட்டமின்றி, கான்கிரீட் தளத்தின் சூடு இறங்கிக்கொண்டிருக்கும் மேல்மாடியில், அறை முழுவதும் 34, 35 டிகிரியிலேயே பல மணி நேரம் நின்றுவிடுவதுண்டு. அழகரை எதிர்கொள்ள முதல் நாளே குடும்பத்தோடு வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்படும் சித்திரைத் திருவிழாக் காலம் இதே கோடையில் வருகிறது என்பதை எண்ணினால், தூங்கா நகரத்தின் வீட்டுக்குத் தூங்கும் கேமராவை வாங்குவதில் உள்ள முரண் விளங்கும். இந்த வெயிலைக் கணக்கில் கொள்ளாமல் எழுதப்பட்ட விவரத் தாளை அப்படியே மொழிபெயர்த்துப் பெட்டிக்குள் போட்டு விற்பவர்கள், இதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

ஆகவே மதுரை போன்ற வெப்பச் சமவெளிக்கு உகந்தது, அடாப்டரில் இயங்கி, எந்நேரமும் விழித்திருந்து, படத்தின் புள்ளிகளில் தோன்றும் மாற்றத்தைக் கொண்டோ மனித உருவத்தைப் பிரித்தறியும் மென்பொருளைக் கொண்டோ எச்சரிக்கும் மலிவான முதல் வகையே. மரநிழல், வண்டியின் முகப்பு விளக்கு, இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்கை நாடிவரும் பூச்சிகள், அந்தப் பூச்சிகளுக்காக வில்லையின்மேல் வலை பின்னும் சிலந்தி ஆகிய யாவும் அதைப் பொய்யாகக் கூவ வைக்கும் என்பது உண்மை; வாரம் ஒருமுறை ஒட்டடைக்குச்சி அதற்கு மருந்து. இரவுப் படத்தில் நிறத்தை நம்புவதும் தவறு. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் துணிச்சாயங்கள் பல, கேமரா இரவில் பயன்படுத்தும் அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால், கறுப்புச் சட்டைக்காரர் வெளிர்நிறச் சட்டையுடன் பதிவாகக்கூடும்.

ஒயருள்ள கேமராவின் பகை மின்தடை. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலையில் தொடங்கிப் பிற்பகல் வரை நீளும். எந்தப் பகுதியில் எந்த நாள் என்பது செய்தித்தாளிலும் வருகிறது, அதை எவரும் படிக்கலாம். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் கேமராவையும் இணைய ரௌட்டரையும் அந்த இணைப்பில் சேர்ப்பதும், இல்லாத வீட்டில் ரௌட்டருக்கென்றே விற்கும் சிறு யுபிஎஸ் ஒன்றை வாங்குவதும், இரண்டாவது கேமரா வாங்குவதைவிட முந்திச் செய்ய வேண்டியவை. வைஃபை அலையைப் பொறுத்தவரை, மதுரையின் மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகள் குறுகலாகவும் நீளமாகவும் அடுத்தடுத்த தடித்த சுவர்களுடனும் அமைந்திருப்பதால், வாசல் அறையில் உள்ள ரௌட்டரின் அலை கொல்லைப்புறம் சேர்வதற்குள் மெலிந்துவிடுகிறது. மலிவுக் கேமராக்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே ஏற்பது குறையாகச் சொல்லப்பட்டாலும், 5 கிகாஹெர்ட்ஸைவிடச் சுவரை நன்றாக ஊடுருவுவது அதுவே.

பதிவைச் சேமிப்பதில்தான் கவனக்குறைவு மிகுதி. நொடிக்கு 2 மெகாபிட் அளவில் ஓயாமல் பதிவுசெய்யும் கேமரா நாளொன்றுக்கு ஏறத்தாழ 21 ஜிகாபைட்டை நிரப்புகிறது. 64 ஜிகாபைட் மெமரி கார்டு மூன்று நாளைக்கே வரும், நான்காம் நாள் பழையதை அழித்து அதன்மேல் எழுதத் தொடங்கும். பத்து நாள் வெளியூர் சென்று திரும்புபவருக்கு, இரண்டாம் நாளில் நடந்தது கிடைக்காது. சேமிப்பிடம் இருந்தும் பதிவு இல்லாமற்போவது இன்னொரு வகை. சாத்தான்குளத்தில் வணிகர் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் வைக்கப்பட்டபின் 2020 ஜூனில் இறந்தபோது, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவுப்படி விசாரித்த நீதித்துறை நடுவர், காவல் நிலையக் கேமராப் பதிவுக்கு ஒரு டெராபைட் இடமிருந்தும், பதிவு நாள்தோறும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை அறிக்கையில் குறிப்பிட்டார். அவ்வாண்டு டிசம்பர் 2இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் எனவும், அதற்கேற்ற கருவி கிடைக்காவிட்டால் ஓராண்டுக்குக் குறையாமலாவது வைத்திருக்க வேண்டும் எனவும் ஆணையிட்டது. கேமரா எத்தனை என்று எண்ணுவோர், அது எதை எத்தனை நாள் நினைவில் வைத்திருக்கிறது என்று கேட்பதில்லை.

கடிகாரமும் இதனோடு சேர்ந்தது. சில மலிவுக் கேமராக்கள் மின்சாரம் போய்வந்தபின் இணையத்தை எட்ட முடியாவிட்டால் தம் காலத்தை 1970 ஜனவரி 1 என்று கொண்டுவிடுகின்றன. கணினி உலகில் காலம் எண்ணத் தொடங்கும் நாள் அது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் சட்டத்தின் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்கச் சான்றிதழ் கேட்கிறது. தேதியே பிறழ்ந்த பதிவோடு நீதிமன்றம் செல்பவர் எதிர்த்தரப்புக்கு வேலையை எளிதாக்குகிறார். திருட்டு நடந்துவிட்டால் முதற்காரியமாக மெமரி கார்டைக் கழற்றித் தனியே வைத்துவிட வேண்டும், அதன்மேல் மறுபதிவு ஏறாதிருக்க.

கடவுச்சொல்லை மாற்றச் சொன்னால் சலித்துக்கொள்பவர்கள் இரண்டு நிகழ்வுகளை அறியலாம். 2016இல் மிராய் என்ற தீநிரல், ஆலையில் இட்ட கடவுச்சொல்லையே மாற்றாமல் விடப்பட்ட கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் உலகெங்கும் வசப்படுத்தி, அவற்றை ஏவியே அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்காவின் பெரிய இணையத்தளங்கள் பலவற்றை முடக்கியது. 2025இல் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் வெளியே கசிந்து விற்கப்பட்டதற்கும் எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல்லே வழிவிட்டது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் இந்தியச் சந்தைக்கு வரும் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியிருப்பது நல்லது. ஆயினும் பழைய இருப்பு மலிவாகத் தள்ளப்படும்போது, சான்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு.

எஞ்சியிருப்பது கேமரா எதைப் பார்க்கக் கூடாது என்பது. களவைத் தடுக்க வாங்கியதைக் கூடத்தில் மாட்டி, வீட்டுவேலைக்கு வரும் பெண்ணையும், மருமகளையும், பாட்டியையும் அலுவலகத்திலிருந்து கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருப்பது காவலாகாது. அவர்களுக்குச் சொல்லாமல் பார்ப்பது அதனினும் இழிவு. சகோதரர்களுக்கிடையே எழுந்த வழக்கொன்றில், உடன் வசிப்பவரின் ஒப்புதலின்றி வீட்டின் வசிப்பிடத்துக்குள் கேமரா இயக்குவது அவரது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று 2025இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் கூறியது. அதில் தலையிட உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. நான்கடிச் சந்தில் வாசல்கள் எதிரெதிரே அமைந்த பகுதிகளில், தன் வாசலைப் பார்க்கும் கேமரா எதிர்வீட்டுத் திண்ணையையும் சேர்த்தே பார்க்கும். கேமராச் செயலிகள் பலவற்றில், படத்தின் ஒரு பகுதியைக் கறுப்புக் கட்டத்தால் நிலையாக மறைத்துவிடும் வசதி இருக்கிறது. எதிர்வாசல் அந்தக் கட்டத்துக்குள் அடங்கும்படி அமைத்து, திரையை அந்த வீட்டாரிடமே ஒருமுறை காட்டிவிடுவதற்குப் பத்து நிமிடம் போதும்.