போயாக் ஒயினுக்கு ஆட்டிறைச்சி ஏன்?

பிரான்ஸில் போர்தோ பகுதியைச் சேர்ந்த போயாக் ஊரின் சிவப்பு ஒயினை, முதிராத பருவத்தில் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கொட்டைப்பாக்கு மென்றதுபோல நாக்கு வறளும், ஈறு இழுத்துப் பிடிக்கும். கபெர்னே சோவிஞ்ஞோன் திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின்தான் காரணம். அது உமிழ்நீரின் புரதங்களோடு ஒட்டித் திரிந்துவிடுகிறது. வாயின் வழுவழுப்பு போய்ச் சொரசொரப்பு வருகிறது. நாம் அறுசுவையில் சேர்த்த துவர்ப்பை, அறிவியல் பெரும்பாலும் தொடு உணர்வு என்றே கொள்கிறது.

அதே போயாக், பால்குடி ஆட்டுக்குட்டி இறைச்சிக்கும் பேர்போனது. என்ன பொருத்தம்! இறைச்சியின் புரதமும் கொழுப்பும் டானினைப் பிடித்துக்கொள்ள, உமிழ்நீர் தப்பிக்கிறது. மேலே தூவிய உப்பு கசப்பை அடக்குகிறது. அடுத்த வாயில் பழவாசனையும் தேவதாரு மணமும் துலங்கும்.

மீனோடு வேண்டாம். ஒயினில் இரும்பு கூடுதலாக இருந்தால், மீன் கொழுப்போடு சேர்ந்து கவிச்சி அடிக்கும்.

குளிர்ந்தால் துவர்ப்பு தூக்கலாகும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றாதீர்கள்; 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரும்வரை பொறுங்கள்.