இயங்குதளம் போட்டி உலாவிகளையும் காட்ட வேண்டுமா?

புதுக் கணினி வாங்குகிறோம். அதில் பிரவுசர், அதாவது உலாவி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. காசு கேட்கவில்லை, நன்றாகவும் வேலை செய்கிறது. பிடிக்கலைன்னா வேற ஒண்ணை இறக்கிக்கலாம். இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை? "போட்டிக்காரனோட உலாவியையும் உன் திரையில் காட்டு" என்று இயங்குதளம் செய்தவரிடம் சொல்வது, ஓட்டல்காரரிடம் பக்கத்துக் கடை இட்லியையும் மெனுவில் போடு என்பது மாதிரிதானே?

இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஓட்டல் உவமை ஓரிடத்தில் உடைகிறது. பக்கத்துக் கடைக்குப் போக இந்த ஓட்டல் வழியாகத்தான் போகணும் என்ற நிலை இருந்தால் கதையே வேறு. இயங்குதளம் கடை மட்டுமில்லை, தெருவும் அதுதான்.

1990களின் நடுவில் நெட்ஸ்கேப் நேவிகேட்டர்தான் உலாவி உலகின் ராஜா. மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை விண்டோஸோடு சேர்த்து இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. இலவசமாகக் கொடுத்ததோடு நின்றிருந்தால் வழக்கு அவ்வளவு வலுத்திருக்காது. கணினி தயாரிக்கும் நிறுவனங்கள் எக்ஸ்புளோரர் ஐகானை முகப்பிலிருந்து எடுக்கக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தார்கள். 1998 மே மாதம் அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. 2000 ஜூனில் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் நிறுவனத்தை இரண்டாக உடைக்க உத்தரவிட்டார். 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஏகபோகத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சட்டத்தை மீறியது என்ற தீர்ப்பின் மையப் பகுதி மட்டும் நின்றது. அதற்குள் நெட்ஸ்கேப் கதை முடிந்துபோயிருந்தது.

அடுத்து நடந்ததுதான் நம் கேள்விக்கு முக்கியம். எக்ஸ்புளோரர் 6, 2001 ஆகஸ்டில் வந்தது. 7 எப்போது வந்தது? 2006 அக்டோபரில். ஐந்து வருஷத்துக்கு மேல்! இணையம் தலைகீழாக மாறிக்கொண்டிருந்த காலத்தில், உலகமே பயன்படுத்திய உலாவி அப்படியே உட்கார்ந்திருந்தது. போட்டி இல்லை, அதனால் அவசரமும் இல்லை. 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்து ஆட்களை இழுக்க ஆரம்பித்த பிறகுதான் அங்கே திரும்பவும் அடுப்பு மூட்டினார்கள்.

தமிழ் வாசகர்கள் இதை நேரடியாக அனுபவித்தவர்கள். யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு பத்திரிகைத் தளத்துக்கும் தனித்தனி எழுத்துரு. ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் உருவங்களை உட்காரவைத்த எழுத்துருக்கள் அவை. அந்த ஃபான்ட் கணினியில் இல்லையென்றால் பக்கம் முழுக்கக் கிறுக்கல்தான். இதற்குத் தீர்வாக டைனமிக் ஃபான்ட் வந்தது, பக்கத்தோடு எழுத்துருவும் தானாக இறங்கிவிடும். ஆனால் நெட்ஸ்கேப் ஒரு வடிவத்தை ஏற்றது, எக்ஸ்புளோரர் வேறொரு வடிவத்தை ஏற்றது. நெட்ஸ்கேப் மறைந்ததும் பல தளங்கள் எக்ஸ்புளோரருக்கான கோப்பை மட்டும் வைத்துக்கொண்டன. அவர்களைக் குறை சொல்ல முடியாது, வாசகர்களில் கிட்டத்தட்ட எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். விளைவு: லினக்ஸிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ அந்தத் தளங்களைத் திறந்தால் தமிழ் தெரியாது. அந்தக் கிறுக்கலை யூனிகோடுக்கு மாற்றிக் காட்ட 'பத்மா' என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி தேவைப்பட்டது. எந்த உலாவி வைத்திருக்கிறாய் என்பதைப் பொறுத்துத் தாய்மொழியில் செய்தி படிக்க முடியுமா முடியாதா என்று ஆகிவிட்டது. தென்கொரியாவில் இதைவிட மோசம். வங்கிப் பாதுகாப்புக்கு ஆக்டிவ்எக்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் நுட்பத்தை நம்பியதால், எக்ஸ்புளோரர் இல்லாமல் இணையத்தில் பணம் அனுப்புவது பல வருஷங்களுக்குக் குதிரைக்கொம்பாக இருந்தது.

ஆக, "பிடிக்கலைன்னா மாத்திக்கோ" என்பது முழுப் பதில் ஆகாது. கூட வரும் உலாவி எல்லாரிடமும் இருக்கும். எல்லாரிடமும் இருப்பதற்கு ஏற்பத்தான் தளங்கள் எழுதப்படும். அப்புறம் மாற்றிக்கொண்டவனுக்குத்தான் நஷ்டம்.

சரி, ஐரோப்பா என்ன செய்தது? 2007 டிசம்பரில் நார்வேயின் ஓப்பரா நிறுவனம் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தது. முதலில் மைக்ரோசாஃப்ட் சொன்ன யோசனை வேடிக்கையானது: ஐரோப்பாவுக்கு மட்டும் உலாவியே இல்லாத விண்டோஸ் 7 தருகிறோம் என்றார்கள். உலாவி இல்லாமல் உலாவியை எப்படி இறக்குவது என்று கேட்கத் தோன்றும். ஆணையமும் அதில் திருப்தி அடையவில்லை. கடைசியில் 2009 டிசம்பரில் ஒரு உடன்பாடு. எக்ஸ்புளோரரை இயல்பு உலாவியாக வைத்திருக்கும் ஐரோப்பியப் பயனர்களுக்கு ஒரு தேர்வுத் திரை காட்டப்படும். அதில் பன்னிரண்டு உலாவிகள், ஐந்து வருஷத்துக்கு. 2010 மார்ச்சில் தொடங்கியது. முதல் ஐந்து பெரிய உலாவிகளும் ஒவ்வொரு தடவையும் குலுக்கிப்போட்ட வரிசையில் வர வேண்டும், யாருக்கும் முதலிடச் சலுகை கிடையாது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கிளைக்கதை. திரை வந்த சில நாட்களில் ராப் வேர் என்ற மென்பொருள்காரர் அந்தக் குலுக்கல் நிரலைத் திறந்து பார்த்தார். வரிசைப்படுத்தும் ஒரு சாதாரண கட்டளையை எடுத்து, 'இந்த இரண்டில் எது முதலில்?' என்று அது கேட்கும்போதெல்லாம் பூவா தலையா போட்டுப் பதில் சொல்ல வைத்திருந்தார்கள். பார்க்க நியாயமாகத்தான் தெரிகிறது, இல்லையா? ஆனால் வரிசைப்படுத்தும் முறைகள், நீங்கள் மாறாத பதில் சொல்வீர்கள் என்று நம்பி எழுதப்பட்டவை. அவை ஒவ்வொரு ஜோடியையும் ஒப்பிடுவதில்லை. 'அ' முன்னால், 'ஆ' பின்னால் என்று ஒருமுறை தெரிந்தால் மீதியை அனுமானித்துக்கொள்ளும். மாற்றி மாற்றிப் பதில் சொன்னால் சில இடங்கள் சிலருக்கே அதிகம் போய்ச்சேரும். எக்ஸ்புளோரரில் அந்தத் திரையைத் திறந்தால், ஐந்தில் ஒரு தடவை கடைசியில் வர வேண்டிய எக்ஸ்புளோரர் ஏறக்குறைய பாதித் தடவை கடைசியில் வந்து நின்றது. அதாவது பிழை மைக்ரோசாஃப்ட்டுக்கு உதவவில்லை, ஓரத்தில் இருப்பதும் கண்ணில் படும் இடம்தான் என்று வாதிடலாம் என்றாலும். சதி என்று சொல்ல எதுவுமில்லை, கவனக்குறைவு. சீட்டுக்கட்டைச் சரியாகக் கலைக்கும் முறை கணினிப் பாடப்புத்தகங்களில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. பிறகு திருத்தினார்கள்.

சின்ன விஷயம்தான். ஆனால் ஒன்று புரிகிறது: 'போட்டியாளரைக் காட்டு' என்று சட்டத்தில் ஒரு வரி எழுதுவது சுலபம், காட்டுவது என்றால் என்ன என்பது நிரலின் எட்டு வரிகளுக்குள் ஒளிந்திருக்கிறது.

இரண்டாவது சம்பவம் இன்னும் பெரியது. விண்டோஸ் 7 சர்வீஸ் பேக் 1 வந்தபோது தேர்வுத் திரை காணாமல் போனது. 2011 மே முதல் 2012 ஜூலை வரை, பதினான்கு மாதம், சுமார் 1.5 கோடிப் பயனர்கள் அதைப் பார்க்கவே இல்லை. தொழில்நுட்பக் கோளாறு என்றது மைக்ரோசாஃப்ட். 2013 மார்ச்சில் 56.1 கோடி யூரோ அபராதம். நிறுவனமே தன்னைக் கவனித்து ஆணையத்துக்கு அறிக்கை கொடுக்கும் ஏற்பாடு எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அந்தப் பதினான்கு மாதத்தால் ஒரு நன்மையும் உண்டு. திட்டமிடாத ஒரு பரிசோதனை நடந்துவிட்டது. திரை இல்லாத காலத்தில் 60 முதல் 90 லட்சம் ஃபயர்ஃபாக்ஸ் தரவிறக்கங்கள் போய்விட்டதாக மொசில்லா கணக்குச் சொன்னது. பாதிக்கப்பட்டவர் போட்ட கணக்கு, கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் வாங்கணும். தள்ளிவிட்டுப் பார்த்தாலும், திரை என்பது வெறும் சடங்கு என்ற வாதம் நிற்காது.

ஆனால் யாருக்கு உண்மையில் லாபம்? அதே வருஷங்களில் குரோம் மேலேறிக்கொண்டிருந்தது. 2008 செப்டம்பரில் வந்த உலாவி, தேர்வுத் திரையே இல்லாத நாடுகளிலும் ஏறியது. உலகின் முதல் தேடுபொறியின் முகப்பில் விளம்பரம் கிடைத்தால் யார்தான் ஏற மாட்டார்கள்? இன்று உலகப் பயன்பாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதனிடம். ஒரு ராஜாவை இறக்கி இன்னொரு ராஜாவை ஏற்றியதில் அந்தத் திரைக்கு ஒரு சின்னப் பங்கு இருக்கலாம், முழுப் பழியையும் அதன்மேல் போட முடியாது.

இப்போது கைபேசிக்கு வருவோம். இங்கே பிரச்சினை ஒரு அடுக்கு ஆழமானது.

உலாவி என்பது இரண்டு பாகம். வெளியே தெரியும் பட்டன்கள், தாவல்கள், புத்தகக்குறிகள் ஒன்று. உள்ளே பக்கத்தைப் படித்து வரைந்து காட்டும் எஞ்சின் இன்னொன்று. கார் மாதிரி, பாடி வேற, எஞ்சின் வேற. ஆப்பிள் தன் ஐபோனில் போட்ட விதி: உலாவி எதுவானாலும் எஞ்சின் எங்கள் வெப்கிட்தான். அதனால் ஐபோனில் குரோம் இறக்கினாலும் ஃபயர்ஃபாக்ஸ் இறக்கினாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் எஞ்சின். ஐபோனுக்கு வெப்கிட் ஒரு வசதியை ஆதரிக்கவில்லையென்றால் எந்த உலாவியிலும் அது கிடையாது. இந்த நிலையில் பன்னிரண்டு உலாவிகளைக் காட்டும் திரை, ஒரே சாம்பாரைப் பன்னிரண்டு கிண்ணத்தில் ஊற்றி வைத்த மாதிரி.

ஐரோப்பாவின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் இந்த இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறது, அதற்காக அதை மெச்சலாம். பெரிய நிறுவனங்கள் 2024 மார்ச் 7க்குள் அதற்கு இணங்க வேண்டியிருந்தது. தேர்வுத் திரையும் வேண்டும், வேறு எஞ்சினுக்கும் இடம் வேண்டும். ஆப்பிள் ஐஓஎஸ் 17.4இல் இரண்டையும் கொடுத்தது, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மட்டும். முதல் தேர்வுத் திரை எப்போது வந்தது தெரியுமா? சஃபாரியைத் திறக்கும்போது. எதையாவது அவசரமாகத் தேட வந்தவன் முன்னால் விளக்கம் எதுவும் இல்லாத ஒரு பெயர்ப்பட்டியல். மனுஷன் தெரிஞ்ச பேரைத் தட்டிட்டுப் போவான். அதே மாதக் கடைசியில் ஆணையம் விசாரணை தொடங்கியது. பிறகு ஆப்பிள் மாற்றியது: ஒவ்வொரு உலாவிக்கும் சிறு விளக்கம், பட்டியலைக் கடைசிவரை பார்த்த பிறகே தேர்வு, தேர்ந்தெடுத்த உலாவி சஃபாரியின் இடத்திலேயே முகப்பில் உட்காரும், சஃபாரியை நீக்கவும் முடியும். 2025 ஏப்ரலில் விசாரணையின் அந்தப் பகுதி மூடப்பட்டது. வேறு எஞ்சின் விஷயத்தில் நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. ஐரோப்பாவுக்கு ஒரு செயலி, மற்ற உலகத்துக்கு வேறொரு செயலி என்று இரண்டைப் பராமரிக்கும் செலவு யாருக்குக் கட்டுப்படியாகும்?

எதிர்த்தரப்பின் வாதங்களில் ஒன்றை நான் நிஜமாகவே மதிக்கிறேன். பாதுகாப்பு வாதம் அல்ல, அது பாதி உண்மை. மற்றது இது: எட்ஜ் 2020 ஜனவரி முதல் குரோமியத்தின் மேல் ஓடுகிறது. ஓப்பராவும் 2013இலேயே தன் சொந்த எஞ்சினை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டது. இன்று பெரிய அளவில் மிஞ்சியிருக்கும் தனி எஞ்சின்கள் மூன்றே மூன்று: கூகிளின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், மொசில்லாவின் கெக்கோ. மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகிள் தரும் தேடல் ஒப்பந்தப் பணம். ஆக, ஐபோனின் கதவைத் திறந்தால் குரோம் உள்ளே புகுந்து வெப்கிட்டையும் ஒழித்துவிடும், எல்லாத் தளங்களும் பிளிங்குக்கு மட்டும் எழுதப்படும், மறுபடி எக்ஸ்புளோரர் 6 காலம் வரும் என்கிறார்கள். ஒரு ஏகபோகத்தைத் தடுத்து நிறுத்துவது இன்னொரு ஏகபோகத்தின் பூட்டுத்தான் என்றால், பூட்டை உடைக்கச் சொல்வதற்கு முன் யோசிக்கணும்.

யோசித்தும் எனக்கு அது போதவில்லை. சஃபாரியில் தன்னை இயல்புத் தேடுபொறியாக வைத்திருக்க 2022இல் மட்டும் கூகிள் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது என்பது அமெரிக்க வழக்கில் வெளிவந்தது. எதிரிகளுக்கிடையிலான மதில் என்று இதைச் சொல்வது கஷ்டம். இருவரும் சேர்ந்து பயிரிடும் வயல் மாதிரி இருக்கு.

இந்தியாவிலும் பக்கத்தில் ஒரு வழக்கு நடந்தது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு விஷயத்தில் கூகிளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கைபேசியை முதலில் அமைக்கும்போதே தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கும் வசதி வேண்டும் என்றும் சொன்னது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை நிறுத்தி வைக்காமல் உறுதி செய்தது, சில கட்டளைகளை மட்டும் நீக்கியது. உலாவி எஞ்சின் பக்கம் இங்கே பேச்சு இன்னும் போகவில்லை.

என் கருத்தைக் கேட்டால்: கட்டாயம் வேண்டும், ஆனால் திரைக்கு முன்னால் வேறு இரண்டு கட்டாயங்கள். ஒன்று, எஞ்சினுக்குத் தடை கூடாது. இரண்டு, நான் ஒருமுறை மாற்றினால் அது மாறியதாகவே இருக்கணும். விண்டோஸ் 11 வந்த புதிதில் இயல்பு உலாவியை மாற்ற ஒவ்வொரு கோப்பு வகைக்கும் இணைப்பு வகைக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. தொடக்கப் பட்டியலில் தேடினால் நீங்கள் என்ன வைத்திருந்தாலும் எட்ஜ்தான் திறந்தது. அதைத் திருப்பிவிட ஒரு சின்ன மென்பொருள் இருந்தது, 2021 நவம்பரில் அந்த வழியையும் அடைத்தார்கள். பிறகு ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு மட்டும் அந்த இணைப்புகள் பயனரின் தேர்வை மதிக்கும் என்று மாற்றினார்கள். மென்பொருள் ஒன்றுதான், கணினியில் எந்த நாடு என்று குறித்திருக்கிறது என்பதைப் பார்த்து அது மரியாதையைக் கூட்டிக் குறைக்கிறது.