காணிக்கைக்குக் கணக்குக் கேட்பது அவிசுவாசம் அல்ல

வேடசந்தூர் நூல் மில் ஒன்றில் வேலை பார்க்கும் என் சித்திக்கு, ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதி வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரும். 500 ரூபாய் கழிந்துவிட்டது என்று. சித்தப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்த சமயத்தில், கொடுப்பது பலமடங்காகத் திரும்பும் என்று டிவியில் ஒரு ஊழியர் 'விதைக் காணிக்கை' பற்றிப் பேசியதைக் கேட்டு ஆரம்பித்த மாதத் தவணை அது. இரண்டு வருடம் கழித்து, மருந்துக்கே பணம் இல்லாத ஒரு மாதத்தில் அதை நிறுத்தச் சொன்னோம். சித்தியின் முகம் வெளிறிப்போனது. "பொருத்தனை பண்ணினதை நிறுத்தினா சாபம் வந்துரும்பா" என்றார்.

கொடுப்பது நமக்குப் புதிதல்ல. சோறு ஆக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து ஆலயத்துக்குக் கொண்டுபோன பாட்டிகள் நம் வீடுகளில் இருந்தார்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு முருங்கைக்காய்க் கட்டை ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகிறவர்கள் இன்றும் உண்டு. அதில் பயம் இல்லை. யார் எவ்வளவுக்கு எடுத்தார்கள், அந்தப் பணம் எதற்குப் போனது என்பது சபையில் எல்லோருக்கும் தெரியும். டிவி திரையின் கீழே ஓடும் கணக்கு எண்ணுக்கு அனுப்பும் பணத்தில் இந்த வெளிப்படைத்தன்மை கிடையாது.

எலிசா தீர்க்கதரிசி, குஷ்டம் நீங்கிய நாகமானிடம் ஒன்றும் வாங்க மறுத்துவிட்டார். பின்னாலேயே ஓடிப்போய் வெள்ளியும் துணியும் வாங்கிய வேலைக்காரன் கேயாசியை அதே குஷ்டம் பிடித்தது என்று ஞாயிறு பள்ளிக் குழந்தைக்கும் தெரியும். பவுல் அப்போஸ்தலன் எருசலேமின் ஏழைகளுக்குப் பணம் திரட்டியபோது, யாரும் குறைசொல்ல இடம் வரக்கூடாது என்று சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்களையும் கூட வைத்துக்கொண்டார். பவுலே கணக்குக்கு ஆள் வைத்தார் என்றால், நாம் கேட்பதில் என்ன தவறு?

கேட்காமல் விட்டதால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்க டிவி ஊழியர் ஜிம் பேக்கர் சாட்சி. டிவியில் பேசி, ஆயிரம் டாலர் கொடுத்தால் ஆயுள்காலப் பங்காளர், வருடத்துக்கு மூன்று இரவு தங்கள் ஊழிய விடுதியில் தங்கலாம் என்று சுமார் 15.8 கோடி டாலர் திரட்டினார். அத்தனை பேர் தங்க அங்கே அறைகளே இல்லை. 1989-ல் மோசடிக் குற்றத்துக்கு 45 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு அது குறைக்கப்பட்டு 1994-ல் வெளியே வந்தார். செல்வ ஆசீர்வாதப் போதனை தவறு என்று அவரே பின்னாளில் புத்தகம் எழுதினார். நம் தமிழ்நாட்டில், டி.ஜி.எஸ். தினகரன் தொடங்கிய 'இயேசு அழைக்கிறார்' அமைப்பின் இடங்களில் 2021 ஜனவரியில் வருமான வரித் துறை சோதனை நடத்தியது. சோதனை என்பது தீர்ப்பாகிவிடாது. ஆனால் அரசுக்குக் கணக்குக் காட்டும் கடமை ஊழியத்துக்கும் உண்டு என்பதை அது நினைவுபடுத்தியது.

சித்தியின் பயத்துக்குச் சட்டத்தில் நேரடியான பதில் இருக்கிறது. இன்னதைச் செய்யாவிட்டால் தெய்வக் கோபத்துக்கு ஆளாவாய் என்று நம்பவைத்து, சட்டப்படி செய்யத் தேவையில்லாத ஒன்றை ஒருவரைச் செய்யவைப்பது பாரதிய நியாய சன்ஹிதா 354-ம் பிரிவின்படி குற்றம். ஓராண்டு வரை சிறை. பொய் சொல்லிப் பணம் வாங்கினால் 318-ம் பிரிவு. அற்புத சக்தி உள்ள பொருள் சர்க்கரை நோயையோ புற்றுநோயையோ குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஜெபித்த எண்ணெய், கைக்குட்டை என்று யாராவது விற்க வந்தால் இதை மனதில் வையுங்கள்.

கொடுத்த பணம் திரும்புமா? விரும்பிக் கொடுத்துவிட்டு, ஜெபம் பலிக்கவில்லை என்பதற்காக மட்டும் கேட்க முடியாது. ஏமாற்றியோ, நோயிலும் முதுமையிலும் இருப்பவரின் மனதைத் தன் செல்வாக்கால் வளைத்தோ வாங்கிய நிலத்தையும் பணத்தையும் மீட்க வழி உண்டு. மறுமைப் பலனுக்காகத் தன் சொத்து முழுவதையும் குருவுக்கு எழுதிவைத்த முதியவரின் தானப் பத்திரத்தை அலகாபாத் உயர் நீதிமன்றம் 1890-லேயே செல்லாது என்றது. மதம் எதுவானாலும் இதே நியாயம்தான்.

அனுப்பும் முன் பாருங்கள்: கணக்கு அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறதா, தனிநபர் பெயரிலா? பதிவு எண்ணுடன் ரசீது தருகிறார்களா? பிரபல ஊழியரின் படத்தைப் போட்டு வாட்ஸ்அப்பில் க்யூஆர் கோடு அனுப்புகிறவர் வெறும் திருடனாகவும் இருக்கலாம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அதற்கான எண் 15100.

சித்தியின் தவணையை நிறுத்த எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. பணம் அனுப்பும் செயலிக்குள் 'ஆட்டோபே' என்ற பக்கம் எங்கோ உள்ளே ஒளிந்திருந்தது. ரத்து செய்யும் பொத்தானைச் சித்தியே அழுத்தினார், கண்ணை மூடிக்கொண்டு. உங்கள் வீட்டிலும் அம்மாவோ அத்தையோ இப்படி அனுப்பிக்கொண்டிருக்கலாம். கோபப்படாதீர்கள், அவர்கள் விசுவாசத்தைப் பழிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை ஒருமுறை அவர்களோடு சேர்ந்து திறந்து பாருங்கள்.