“சமிஸ்தாத்” என்றால் என்ன?

பத்திரிகை நடத்தச் சர்க்கார் விடாவிட்டால் என்ன செய்வது? பரளச்சியைப் போலவே கரிசல் பூமியான எட்டயபுரத்தில் பிறந்தவர் பாரதியார். வெள்ளையர் பிடிக்குத் தப்பி, 1908-ல் புதுச்சேரிக்குப் போய் “இந்தியா” பத்திரிகையை நடத்தினார். அங்கே பிரெஞ்சு ஆட்சி.

சோவியத் ரஷியாவில் அப்படி ஒரு புதுச்சேரி இல்லை! பதிப்பகம் எல்லாம் சர்க்காருடையது. கவிஞர் கிளாஸ்கோவின் பாட்டுகளை அவை அச்சிடவில்லை. 1940-களில் அவரே டைப் அடித்தார். பதிப்பகத்தின் பெயர் போடும் இடத்தில், “தன்னைத்தானே பதிப்பகம்” என்று கேலியாகப் போட்டார்.

அந்தக் கேலிதான் சுருங்கி, “சமிஸ்தாத்” ஆயிற்று. “சம்” என்றால் தானே. “இஸ்தாத்” என்றால் பதிப்பகம்.

கார்பன் தாள் வைத்து நாலைந்து பிரதி எடுப்பார்கள். வாங்கியவர் மறுபடி டைப் அடித்து அடுத்தவருக்குக் கொடுப்பார். (சாமி பேரில் “பத்துப் பேருக்கு எழுது” என்று கடிதம் வருமே, அந்த மாதிரி!)

ஆனால் இது விளையாட்டு அல்ல. நதாலியா கொர்பனேவ்ஸ்கயா என்ற பெண் கவிஞர், 1968 ஏப்ரலில், யார் யார் கைதானார்கள் என்று சொல்லும் செய்தி இதழை டைப் அடித்தார். அப்போது அவர் நிறைமாதக் கர்ப்பிணி. 1969-ல் அவரைப் பிடித்தார்கள். பைத்தியம் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். 1972-ல்தான் விட்டார்கள்.

இதழ் வேறு கைகளில் தொடர்ந்தது.