தகவல் துளி: பழைய துவக்கின் அளவு என்ன?

1942 ஏப்ரல் 5ஆம் திகதி காலை, ஜப்பானிய விமானங்களை எதிர்த்து இரத்மலானைத் தளத்திலிருந்து ஹரிகேன் போர் விமானங்கள் எழுந்தன. அவற்றின் இயந்திரத் துவக்குகளும், அந்நாளைய பிரித்தானியச் சிப்பாயின் லீ-என்ஃபீல்டு துவக்கும் சுட்டது ஒரே அளவு ரவை: .303.

இந்த எண் எதைக் குறிக்கிறது? குழலின் உட்புறம் சுருளாகப் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் மேடுகளில், எதிரெதிர் மேடுகளுக்கு இடைப்பட்ட தூரம் 0.303 அங்குலம், அதாவது 7.7 மில்லிமீற்றர். சன்னம் சற்றுத் தடிப்பு, சுமார் 0.311. அதனால்தான் அது மேடுகளில் அழுந்திச் சுழன்றபடி வெளியேறுகிறது.

தோற்றத்தை மட்டும் நம்பி அளவைச் சொல்லக்கூடாது. 1871இல் வந்த மார்ட்டினி-ஹென்றியின் அளவு .450. பின்னர் அவ்வகை நீளத் துவக்குகள், குட்டையான கார்பைன்கள் பலவற்றுக்கு .303 குழல் பூட்டினார்கள். 1960களில் இந்தியாவின் இஷாப்பூர் தொழிற்சாலை, லீ-என்ஃபீல்டு வடிவத்திலேயே 7.62 மில்லிமீற்றர் துவக்குகளைச் செய்தது. அவற்றின் ரவைக்கூடு சதுரமானது; .303இன் கூட்டுக்கு அடிப்பக்கம் சாய்வு.

குழலின் முத்திரையைப் படித்து, ரவையறையை அச்செடுத்து அளந்தால்தான் முடிவு உறுதி. பற்றைக்குள் பழைய ரவை கண்டால் தொடாதீர்கள். உடனே பொலிஸாருக்கு அறிவியுங்கள்.