1000 டிசி பெட்ஷீட்: உறையில் இருக்கும் எண், துணியில் இருக்கும் நூல்

பெட்ஷீட் கடையில் விற்பனையாளர் பிளாஸ்டிக் உறையைத் தட்டிக்காட்டி, "இது தவுசண்ட் டிசி சார், ஸ்டார் ஓட்டல்ல போடுறது" என்பார். பக்கத்திலேயே 200 என்று அச்சிட்ட இன்னோர் உறை பாதி விலைக்கும் கீழே கிடக்கும். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே படம்தான்: வெள்ளைக் கட்டில், ஜன்னலோர வெயில், கொஞ்சம் கசங்கினாற்போல் ஒரு விரிப்பு. தினமும் ஏழெட்டு மணி நேரம் உடம்பில் படுகிற துணி என்பதால், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து நல்லதாக வாங்க நினைப்பதில் தப்பில்லை. அந்தக் கூடுதல் காசு துணிக்குப் போகிறதா, எண்ணுக்குப் போகிறதா என்பதுதான் கேள்வி.

டிசி என்றால் என்ன?

டிசி என்பது த்ரெட் கவுண்ட். ஒரு சதுர அங்குலத் துணியில் நெடுக்கே ஓடும் பாவு நூல்களையும் குறுக்கே ஓடும் ஊடை நூல்களையும் எண்ணிக் கூட்டினால் வரும் தொகை. பாவு 110, ஊடை 90 என்றால் 200 டிசி.

நெசவு ஊர்களில் சொல்லும் 'நூல் நம்பர்' வேறு. 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும் என்பதே அந்த நம்பர். ஆகவே நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 40ஐவிட 60 மெல்லியது, 60ஐவிட 100 மெல்லியது.

இந்த இரண்டையும் சேர்த்து ஒரு கணக்குப் போடலாம். 60ஆம் நம்பர் பருத்தி நூலை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கினால் ஓர் அங்குலத்தில் சுமார் 220 நூல் கொள்ளும். ஆனால் துணியில் பாவும் ஊடையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்க இடம் வேண்டும். நூலை எவ்வளவு நெருக்கி அடித்தாலும் இதற்கு ஓர் எல்லை உண்டு. 1000 டிசி என்றால் பக்கத்துக்கு 500 நூல். அதற்கேற்ற மெல்லிய நூலில் யாரும் பெட்ஷீட் நெய்வதில்லை. அப்படியானால் ஆயிரம் எங்கிருந்து வந்தது?

புரியை எண்ணும் வித்தை

என் வீட்டில் 400 என்று போட்டு வாங்கிய விரிப்பு ஒன்று இருந்தது. ஒரு நாள் அதன் மேல் அளவு நாடாவை வைத்து, கால் அங்குலத்தைச் செல்போனில் பெரிதாக்கிப் படம் எடுத்தேன். நெடுக்கே 27 நூல், குறுக்கே 23. மொத்தம் 50, நாலால் பெருக்கினால் 200. பாதிதான் இருந்தது.

பிறகு ஓரத்தில் ஊசி முனையால் ஒரு நூலை உருவி, முறுக்குக்கு எதிர்ப்பக்கமாகத் திருகினேன். நூல் இரண்டாகப் பிரிந்தது. இரண்டு மெல்லிய நூல்களை முறுக்கிச் செய்த இரட்டைப் புரி நூல் அது. தறியில் ஓடியது ஒரு நூல்தான்; உறையில் அச்சடித்தவர்கள் இரண்டாக எண்ணியிருக்கிறார்கள். ஊடையில் நாலைந்து மெல்லிய நூல்களைச் சேர்த்து ஒரே ஓட்டத்தில் செலுத்தி, ஒவ்வொன்றையும் தனித்தனியே எண்ணும் வழியும் உண்டு. இப்படி மடங்கு மடங்காக எண்ணினால் ஆயிரம் எளிதில் வந்துவிடும்.

இரட்டைப் புரி மட்டமான நூல் அல்ல; உறுதியானது. ஆனால் துணி கனக்கும், காற்று குறைவாகப் போகும். புரிகளைத் தனித்தனியே எண்ணி டிசி போடுவது வாங்குபவரைத் திசைதிருப்பக்கூடும் என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் அலுவலர்கள் 2005லேயே கருத்துச் சொல்லிவிட்டார்கள். உறையில் 400 அல்லது அதற்கு மேல் கண்டால், 'சிங்கிள் பிளையா?', அதாவது ஒற்றைப் புரி நூலா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மென்மை பஞ்சில் இருக்கிறது

நூல் என்பது பஞ்சு இழைகளின் முறுக்கு. இழை குட்டையாக இருந்தால் அதன் நுனிகள் நூலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவைதான் சொரசொரப்பு; உரசி உரசிச் சின்ன உருண்டைகளாகத் திரள்வதும் அவைதான். இழை நீளமாக இருந்தால் நுனிகள் குறையும், நூலை மெல்லியதாகவும் நூற்கலாம். நம் ஊரில் பரவலாகப் பயிராகும் பருத்தியின் இழை 28 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும். 1974இல் கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்ட சுவின் ரகத்தில் அது 38 மில்லிமீட்டரைத் தாண்டும். சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்ற இரு ரகங்களை இணைத்து உருவாக்கிய ரகம் அது. பெயரும் இரண்டிலிருந்தும் எடுத்ததுதான். உலகின் மிக உயர்ந்த பருத்திகளுள் ஒன்று. எகிப்துப் பருத்தியின் புகழுக்கும் இழை நீளமே காரணம்.

பெயரை மட்டும் நம்பவும் முடியாது. எகிப்துப் பருத்தி என்று தான் விற்ற சுமார் ஏழரை லட்சம் விரிப்புகளிலும் தலையணை உறைகளிலும் வேறு பருத்தி இருந்ததாக அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம் 2016இல் அறிவித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அவ்வளவு பெரிய கடைக்கே தெரியாமல் போயிருக்கிறது.

நம் கடைகளில் பார்க்க வேண்டியது இன்னொன்று: 'கிளேஸ் காட்டன்'. பெயரில் காட்டன் இருந்தாலும் பெரும்பாலும் அது பாலியஸ்டர் மைக்ரோஃபைபர்தான். வழவழப்பாக இருக்கும், சாயம் போகாது, சீக்கிரம் காயும். ஆனால் வியர்வையை இழுக்காது. சந்தேகம் வந்தால் ஓரத்து நூல் ஒன்றைப் பிடுங்கி, தண்ணீர்த் தொட்டி அருகே நின்று கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டி மணியாகும்.

பெர்கேலா, சாட்டினா?

பாவின் ஒரு நூலுக்கு மேல், அடுத்ததற்குக் கீழ் என்று ஊடை மாறி மாறிப் போனால் பெர்கேல். மினுமினுப்பு இராது, மொடமொடப்பாக, காற்றோட்டமாக இருக்கும். நாலு நூலுக்கு மேலே தாவி ஒன்றுக்குக் கீழே போனால் சாட்டின். தாவும் நூல் ஒளியைத் திருப்புவதால் பளபளக்கும், உடம்போடு குழைந்து விழும். கூடவே சூடு தங்கும், கொலுசிலும் மெட்டியிலும் சிக்கி இழுபடும். சித்திரை மாதத்தில் மின்விசிறியை நம்பித் தூங்குகிற வீட்டுக்கு 180 முதல் 300 வரையிலான பெர்கேல் போதும். ஏசி அறைக்குச் சாட்டின் பொருந்தும்.

விளம்பரப் படத்தில் மினுங்குவது பெரும்பாலும் சாட்டின். பக்கவாட்டு வெளிச்சத்தில் அதன் மடிப்புகள் எடுப்பாகத் தெரியும். படம் எடுக்கும் முன் ஆவிப்பெட்டியால் தேய்த்து, மறைவில் கிளிப் மாட்டி இழுத்து, தலையணை உறைக்குள் ஓரளவு பெரிய தலையணையைத் திணித்திருப்பார்கள். வெள்ளைப் படுக்கை என்றாலே சொகுசு என்ற எண்ணம் பரவியதில் வெஸ்டின் ஓட்டல்கள் 1999இல் கொண்டுவந்த முழு வெள்ளைப் படுக்கைக்குப் பெரிய பங்குண்டு. ஓட்டலில் நமக்குப் பிடித்துப்போவது பெரும்பாலும் துணியின் டிசி அல்ல. தினம் வெளுத்துத் தேய்த்து இறுக்கி விரித்திருப்பதுதான். அதை வீட்டில் 200 டிசி துணியிலேயே செய்யலாம்.

வாங்கும்போது

மெத்தையின் நீளம், அகலத்தோடு உயரத்தையும் அளந்துகொண்டு போங்கள். அகலத்தோடு உயரத்தை இரண்டு முறை கூட்டி, அடியில் செருக இரு பக்கமும் ஆறு அங்குலம் சேர்த்துக்கொள்ளுங்கள். பருத்தி முதல் சலவைகளில் கொஞ்சம் சுருங்கும். துணியைக் கடை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நெசவு ஒரே சீராக இருக்க வேண்டும். இரு கையாலும் கசக்கினால் வெள்ளைப் பொடி உதிர்கிறதென்றால், நீங்கள் தொட்ட கனத்தில் ஒரு பங்கு கஞ்சி. கரூர், சென்னிமலைப் பக்கம் போனால் கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள். சென்னிமலை பெட்ஷீட் என்றால் பலருக்கும் அது போர்த்திக்கொள்ளும் போர்வை.

கடையில் கையால் தடவிப் பார்ப்பதை முழுதாக நம்ப வேண்டாம். புதுத் துணியின் வழவழப்பில் ஆலையில் ஏற்றிய மென்மையூட்டியும் இருக்கும். சில சலவையில் அது போய்விடும். பிறந்த குழந்தைக்குப் பாட்டியின் பழைய நூல் சேலையில் தூளி கட்டுவது இதனால்தான். கஞ்சியும் பூச்சும் என்றோ போய், நீட்டிய பிசிறெல்லாம் உதிர்ந்து, நூல் மட்டும் மிஞ்சிய துணி அது. ஆகவே ஜோடியாக வாங்க வேண்டாம். ஒன்றை வாங்கி, நாலு முறை துவைத்து, அதில் படுத்துப் பாருங்கள். அப்போதும் பிடித்திருந்தால் இரண்டாவதற்குப் போகலாம்.